கேலிச் சொந்தக்காரி சொன்ன பத்தியம்

எக்ஸில்டா சிரிக்காமல் பேசினால் எங்கள் தெருவில் யாரோ இறந்துவிட்டார்கள் என்று பொருள். சிரித்துக்கொண்டே பேசினாலும் சில சமயம் அதேதான் பொருள்.

அவள் பெம்பா இனத்தவள். பெம்பாக்காரர்களும் ங்கோனிக்காரர்களும் ஒரு காலத்தில் வெட்டிக்கொண்டவர்கள். வெட்டிக்கொண்டு அலுத்த பிறகு திட்டிக்கொள்வது செலவு குறைவு என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். திட்டலாம், ஆனால் கோபித்துக்கொள்ளக் கூடாது என்பது ஒப்பந்தம். இந்த உறவுக்கு எங்களிடம் சிம்புயா என்று பெயர். கேலிச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு ங்கோனிக்காரர் செத்துப்போனால் அழுவதற்கு அவருடைய ஆட்கள் இருக்கிறார்கள். அவருடைய கோட்டை மாட்டிக்கொண்டு அவரைப்போலவே நடந்து காட்டி, இழவு வீட்டைச் சிரிக்க வைத்து, போகும்போது கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு போவதற்குப் பெம்பாக்காரர்கள் வரவேண்டும். தூக்கிப்போனதைத் திருப்பிக் கேட்கக் கூடாது. கேட்டால் சொந்தம் அறுந்தது.

செம்புச் சுரங்க ஊரான லுவான்ஷ்யாவில், எங்கள் தெருவில், இந்தக் காரியத்துக்கு எக்ஸில்டாவை மிஞ்ச ஆள் இல்லை. சுரங்கத் தொழிலாளி ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டு வடக்கே கசாமா பக்கத்திலிருந்து வந்தவள். சுரங்கம் மூடியது, திறந்தது, கைமாறியது, மறுபடி மூடியது; ஒரு திறப்புக்கும் ஒரு மூடலுக்கும் நடுவில் புருஷன் போய்ச் சேர்ந்தார். அதன்பிறகு தக்காளியும் காய்ந்த பொடி மீனும் விற்றாள். சந்தையில் வாய் நீளமானவள் என்ற புகழைக் கேட்டு, மருந்தகத்துக்காரர்கள் அவளைத் தெருவுக்கான சுகாதாரத் தொண்டராக்கினார்கள். ஒரு பனியன், ஒரு குடை, அடிக்கடி பயிற்சி வகுப்பு. சம்பளம் இல்லாத வேலைக்குத்தான் எங்கள் ஊரில் பயிற்சி அதிகம்.

அப்படி ஒரு வகுப்பில்தான் அந்தத் தாளைக் கொடுத்தார்கள். வட்டமாக ஒரு தட்டு வரைந்திருந்தது. பாதியில் கீரையும் காய்களும். கால்வாசியில் பயறு, மீன், முட்டை. மீதிக் கால்வாசியில் மக்காச்சோளக் களி. பாடம் நடத்தியவர் மருந்தகத்துச் சிஸ்டர் முதிந்தா. ஏழை வீட்டுக்கும் பணக்கார வீட்டுக்கும் ஆரோக்கியம் சமமாகக் கிடைக்க வேண்டும், அதற்கு முதல் படி சாப்பாடு என்றார்.

எக்ஸில்டா கையைத் தூக்கினாள். "கால்வாசின்னா யாரோட கால்வாசி சிஸ்டர்?"

"உங்க தட்டுல கால்வாசிம்மா."

"எங்க வீட்ல ஆளுக்கொரு தட்டு ஏது? களி ஒரே குவியல், குழம்பு ஒரே கிண்ணம். சுத்தி உக்காந்து எல்லாரும் கையை விடுறோம்."

"சரி, உங்க பங்குல கால்வாசி."

"பங்கே கிடையாதே. யார் கை வேகமோ அவங்களுக்கு."

சிஸ்டர் தாளைத் திருப்பிப் பார்த்தார். நல்ல வேளையாக அதற்குள் மதியச் சாப்பாடு வந்துவிட்டது. வெள்ளைச் சோறு, எண்ணெயில் பொரித்த கோழி, ஆளுக்கொரு கலர் பாட்டில். தாள்களைக் கவனமாக மடித்து வைத்துவிட்டு எல்லோரும் சாப்பிட்டார்கள்.

தாளின் பின்பக்கம் இன்னும் குழப்பமானது. தவிட்டோடு அரைத்த மாவு, பூசணி இலை, வேர்க்கடலைப் பொடி, பயறு, காய்ந்த மீன், மழைக்காலத்தில் மரங்களில் பிடிக்கிற புழு ஆகியவற்றை நிறையச் சாப்பிடுங்கள் என்றது. இவையெல்லாம் கையில் காசில்லாத வாரங்களில், கதவைச் சாத்திக்கொண்டு நாங்கள் சாப்பிடுகிறவை. தவிடு நீக்கிப் பளபளவென்று அரைத்த வெள்ளை மாவுக்கு எங்கள் ஊரில் 'பிரேக்ஃபாஸ்ட்' என்று பெயர். முடிந்தவர்கள் அதை மத்தியானமும் சாயங்காலமும் தின்கிறார்கள். அது வீட்டில் இருந்தால் பிழைத்துக்கொண்டோம் என்று அர்த்தம். இதற்கிடையே, மேட்டுப் பகுதியில் பங்களாக்காரர்கள் போகிற கடையில், அதே தவிட்டு மாவைப் பழுப்புக் காகிதப் பையில் போட்டுச் சணல் கயிற்றால் கட்டி, வெள்ளை மாவைவிட அதிக விலைக்கு விற்கிறார்கள். ஏழை வெள்ளை மாவை நோக்கி ஏறுகிறான், பணக்காரன் தவிட்டை நோக்கி இறங்குகிறான். வழியில் சந்தித்தாலும் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொள்ளப் போவதில்லை.

இந்தத் தாளை எடுத்துக்கொண்டு எக்ஸில்டா முதலில் போகவேண்டியிருந்த வீடு ஜோஸ்பாட் சோகோவுடையது.

சோகோ ங்கோனிக்காரர். ஆயுளில் பாதியை நிலத்துக்கடியில் பாறை துளைத்தே கழித்தவர். உடம்பில் சர்க்கரை ஏறி, வலது கால் பெருவிரலில் ஒரு புண் வந்து, ஆறாமல் கறுத்துக்கொண்டிருந்தது. ஈஸ்டர் முடிந்ததும் மறுபடி சோதிப்போம், அதற்குள் சர்க்கரை இறங்காவிட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்பவேண்டும், அங்கே விரலை எடுத்துவிடுவார்கள், விரலோடு நின்றால் உங்கள் அதிர்ஷ்டம் என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். சோகோ மாத்திரைகளை ஒழுங்காக விழுங்கினார். சாப்பாட்டை மட்டும் மாற்றவில்லை. மாற்ற வைப்பது எக்ஸில்டாவின் பொறுப்பு.

போனாள். வாசலிலிருந்தே வழக்கப்படி குரல் கொடுத்தாள்.

"ஏ எலி தின்னி! இருக்கியா, செத்தியா?"

ங்கோனிக்காரர்கள் காட்டு எலியைச் சுட்டுத் தின்பவர்கள் என்பது பெம்பாக்காரர்களின் கட்சி. பதில் கட்சியும் தயாராக இருந்தது.

"வா வா, குரங்கு தின்னி! மரத்துலேருந்து எப்ப எறங்கின?"

முற்றத்தில் உட்கார்ந்து தாளை விரித்தாள். "இதைப் பாரு. வெள்ளைக் களியைக் கொறைக்கணும். தவிட்டு மாவுக்கு மாறு. பூசணி எலை நெறைய, களி கொஞ்சம். இல்லேன்னா வெரல் போயிடும்."

சோகோ சிரிப்பில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மனைவியைக் கூப்பிட்டார். "டைனெஸ்! இங்க வந்து கேளு! பெம்பாக்காரி என்னைத் தவிடு திங்கச் சொல்றா! கோழிக்குப் போடுறதை! அடுத்தது என்ன, எலியா?"

"எலி தாள்ல இல்ல. புழு இருக்கு."

சோகோ முக்காலியிலிருந்து சரிந்தே விட்டார். கண்ணில் நீர் வழிய, வேலிக்கு அந்தப் பக்கம் போனவர்களையெல்லாம் கூப்பிட்டார். "இன்னொரு தடவை சொல்லு எக்ஸில்டா! அந்த வெரல் போற எடத்தைச் சொல்லு!" அவளும் சொன்னாள். மொத்த முற்றமும் சிரித்தது. "இந்த வருஷத்துலயே உன் வாயிலேருந்து வந்த நல்ல கேலி இதுதான்" என்று பாராட்டி, வெள்ளைக் களியும் வறுத்த இறைச்சியும் கொடுத்து அனுப்பினார்.

வீட்டுக்குத் திரும்பும்போதுதான் எக்ஸில்டாவுக்கு உறைத்தது. இத்தனை வருடம் அந்த மனிதரிடம் அவள் பொய்யாகத் திட்டியதையெல்லாம் அவர் சரியாகப் பொய்யென்றே எடுத்துக்கொண்டார். இப்போது உண்மையைச் சொன்னால் அதுவும் அதே கணக்கில் போய்ச் சேர்கிறது.

சரி, கேலியை விட்டுவிடுவோம் என்று தீர்மானித்தாள். அடுத்த முறை தலையில் துணி கட்டிக்கொண்டு, வாசலில் நின்று மெதுவாகக் கைதட்டி, முழங்காலை மடக்கினாள்.

"ஐயா, நல்லா இருக்கீங்களா?"

சோகோ கையிலிருந்த குவளையைக் கீழே வைத்தார். "யாரு செத்தது?"

"யாரும் சாகலைங்க. உங்க கிட்ட கொஞ்சம் மரியாதையாப் பேசணும்னு வந்தேன்."

"மரியாதையாவா? நான் என்ன தப்பு செஞ்சேன்?"

"தப்பெல்லாம் ஒண்ணுமில்லைங்க. உங்க சாப்பாட்டைப் பத்தி…"

"அன்னைக்குக் குடுத்த இறைச்சி கம்மியா?"

தாளில் இருந்ததையெல்லாம் 'ங்க' போட்டு வரிசையாகச் சொன்னாள். சோகோ ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். சாயங்காலம் அவர் மனைவி டைனெஸ் ஒரு கோழியைக் கால்கள் கட்டித் தூக்கிக்கொண்டு எக்ஸில்டா வீட்டுக்கு வந்தாள்.

"கலும்பா அம்மா, இதை வாங்கிக்கோங்க. அவரை மன்னிச்சிடுங்க." எக்ஸில்டாவுக்கு மரியாதை காட்ட நினைப்பவர்கள் மூத்த பிள்ளையின் பெயரைச் சேர்த்து இப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"எதுக்கு மன்னிக்கணும்?"

"அவருக்கே தெரியலையாம். நீங்களாச் சொன்னாத்தான் உண்டாம்."

"நான் சொன்ன பத்தியம் ஏதாவது காதுல விழுந்துச்சா?"

"நீங்க கோவமா இருக்கீங்கன்னு மட்டும் விழுந்துச்சு. மத்தியானம் சாப்பாடே எறங்கல." டைனெஸ் யோசித்துச் சேர்த்தாள்: "அது ஒண்ணுதான் லாபம்."

கோழியை வாங்கினால் இல்லாத சண்டை இருந்ததாக ஆகும். வாங்காவிட்டால் இனிமேல் இருக்கும். வாங்கிக்கொண்டாள்.

சிஸ்டர் முதிந்தாவும் ஒருமுறை நேரில் வந்து பேசிப் பார்த்தார். அவர் தோங்கா இனத்தவர். ங்கோனிக்காரருக்கும் அவருக்கும் கேலியும் இல்லை, கோபமும் இல்லை. சோகோ எழுந்து நின்று கேட்டார். "சரி சிஸ்டர்" என்றார். சீருடைக்கு முன்னால் நாங்கள் எல்லோரும் சொல்வது அது. தேவாலயத்தில் ஆமென் சொல்வதுபோல, அதற்குமேல் அதில் பொறுப்பு எதுவும் கிடையாது. அன்று மதியம் வெள்ளைக் களி வழக்கத்தைவிடப் பெரிய குவியலாக இருந்தது.

அவரைப் பிடிவாதக்காரர் என்று சொல்லிவிடுவது சுலபம். என்னிடம் ஒரு நாள் வேலியோரம் சொன்னார்: "மண்ணுக்கடியில நான் போனது எதுக்கு? என் புள்ளைங்க தவிட்டுக் களி திங்கக் கூடாதுன்னுதானே? அப்பல்லாம் தெருவுல பசங்க பாட்டே பாடுவாங்க, இன்னார் வீட்ல தவிட்டுக் களின்னு. எங்க வீட்டைப் பத்தி யாரும் பாடினதில்ல." சுரங்கம் அவருக்குக் கொடுத்ததில் மிஞ்சியது இருமலும் அந்த வெள்ளை மாவும்தான். அந்த இரண்டில் நல்லதைத்தான் தாள் விடச் சொல்கிறது. "வெயில் ஜாஸ்தி" என்றேன்.

புண் பெரிதாகிக்கொண்டிருந்தது. பெப்ரவரியில் அவர் செருப்புப் போடுவதை நிறுத்திவிட்டார்.

ஒரு சனிக்கிழமை பிற்பகல், மழை விட்ட நேரம். எக்ஸில்டா தலையில் ஒரு சிறிய பையோடு சோகோவின் வீட்டுக்குள் நேராக நுழைந்தாள். எதுவும் சொல்லவில்லை. ஆணியில் தொங்கிய அவருடைய கோட்டை மாட்டிக்கொண்டாள். பழைய சுரங்கத் தொப்பியைத் தலையில் கவிழ்த்தாள். வலது காலை மடக்கி இடுப்புத் துணிக்குள் செருகி, மண்வெட்டிக் காம்பை ஊன்றிக்கொண்டு, ஒற்றைக் காலில் தத்தித் தத்தி முற்றத்துக்கு வந்தாள். இழவு வீடுகளில் இறந்தவரைப்போல நடந்து காட்டுவாளே, அப்படியே. தெரு கூடிவிட்டது.

"டைனெஸ்!" குரல் சோகோவின் குரலேதான். "களி எங்கடி? வெள்ளையா இருக்கணும்!"

தானே டாக்டராகவும் மாறி, மூக்கால் பேசினாள். "ஐயா, வெரலை எடுக்கணுமே."

"எடுத்துக்கோ!"

"பாதத்தையும் எடுக்கணும்."

"எடுத்துக்கோய்யா! மாவு வெள்ளையா இருக்கா, அதைச் சொல்லு!"

"முழங்கால் வரைக்கும்…"

"யோவ், கை ரெண்டையும் விட்டுட்டு மீதியை எடுத்துக்கோ! கை இல்லாட்டிக் களியை எப்படி உருட்டறது?"

எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவர் சோகோதான். "தோளை இன்னும் தூக்கு! நான் அப்படியா நடக்கிறேன்?" என்று திருத்தம் வேறு சொன்னார். எக்ஸில்டா தோளைத் தூக்கினாள். இன்னும் இரண்டு தத்து தத்தி, பாயில் விழுந்து, கோட்டைக் கழற்றி முகம்வரை இழுத்து மூடிக்கொண்டாள். உள்ளிருந்து குரல் வந்தது: "செத்துட்டான். அழுங்க."

கூட்டம் இன்னும் சிரித்தது. டைனெஸ் மட்டும் சிரிக்கவில்லை. அவள் லாம்பா இனத்துப் பெண். இந்த விளையாட்டில் அவளுக்கு இடமில்லை. அவள் இரண்டு கைகளையும் தலைமேல் வைத்துக்கொண்டாள். புருஷனைப் பறிகொடுத்தவள் வைத்துக்கொள்வதுபோல. அழ ஆரம்பித்தாள், நிஜமாக.

ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள். சோகோ மனைவியைப் பார்த்தார். பாயைப் பார்த்தார். அது அவருடைய கோட்டு. அதன் அடியில் ஒரு உடம்பு அசையாமல் கிடந்தது. இப்போது சிரிக்க வேண்டுமா, கூடாதா என்று அந்த முற்றத்தில் யாருக்கும் தெரியவில்லை. எழுந்திருப்பதா வேண்டாமா என்று கோட்டுக்கடியில் இருந்தவளுக்கும் தெரியவில்லை என்று பிற்பாடு சொன்னாள்.

கடைசியில் எழுந்தாள். கேலிச் சொந்தம் இழவு வீட்டில் அடுத்ததாக என்ன செய்யுமோ, அதைச் செய்தாள். உள்ளே போய், அப்போதுதான் வாங்கி வைத்திருந்த வெள்ளை மாவு மூட்டையைத் தலையில் ஏற்றினாள். தான் கொண்டுவந்த சிறிய பையை அந்த இடத்தில் வைத்தாள். அதில் தவிட்டு மாவு.

"என் பங்கு எடுத்துக்கிட்டேன்! திருப்பிக் கேட்டா சொந்தம் அறுந்துச்சு!" என்று கத்திக்கொண்டே தெருவைக் கடந்தாள். குரல் கேலிக் குரல்தான். திரும்பி மட்டும் பார்க்கவில்லை.

அதன்பிறகு தெரு இரண்டுபட்டது. உயிரோடு இருப்பவனுக்கு இழவு கொண்டாடியது சாபம் என்றார் தேவாலய மூப்பர். கேலிதானே, கேலி எப்படிச் சாபமாகும் என்றார் தையல்காரர். உயிரோடு இருக்கும்போது செய்யலாமென்று எங்கே சொல்லியிருக்கிறது என்றார் மூப்பர். கூடாதென்று எங்கே சொல்லியிருக்கிறது என்றார் தையல்காரர். படித்தவன் என்று என்னிடம் தீர்ப்புக் கேட்டார்கள். இரண்டும் சரிதான் என்று சொல்லி இரண்டு பேருடைய மதிப்பையும் இழந்தேன்.

சோகோவின் நிலைமை இன்னும் சிக்கல். மூட்டையைத் திருப்பிக் கேட்க முடியாது. புதிதாக ஒன்று வாங்கலாம். ஆனால் வாங்கினால் அவளுடைய கேலி தைத்துவிட்டது என்று ஊருக்குத் தெரிந்துவிடும். சிம்புயாவில் தைத்ததாகக் காட்டிக்கொள்பவன் தோற்றவன். ஆகவே தவிட்டுக் களியை முற்றத்தின் நடுவில், எல்லோரும் பார்க்க உட்கார்ந்து தின்றார். "ஆகா, என்ன ருசி!" என்று தெருவுக்குக் கேட்கும்படி சொன்னார். பை தீர்ந்ததும் டைனெஸ் அதே மாவை மில்லில் அரைத்துக்கொண்டு வந்தாள். பூசணி இலையை வேர்க்கடலைப் பொடியோடு வேகவைத்தாள். தவிட்டுக் களி தொண்டையில் வழுக்கிக்கொண்டு போகாது. மெல்லவேண்டும். மென்றதில் பாதிக் குவியலிலேயே வயிறு நிறைந்துவிட்டது. வேகமாகத் தின்பதில் பேர்போன சோகோவின் கை, முதல்முறையாக மகன்களின் கைக்குப் பின்னால் போனது.

ஆனால் எக்ஸில்டாவோடு அவர் பேசவில்லை. வழியில் பார்த்தால் 'குரங்கு தின்னி' என்றுகூடச் சொல்லாமல் தாண்டிப் போனார். அதுதான் அவளை வதைத்தது. அந்த மூட்டையும் அவளை வதைத்தது. எறியவும் முடியாது, திருப்பவும் முடியாது. தக்காளி விற்காத வாரம் ஒன்றில் பிரித்துக் களி கிண்டினாள், பிள்ளைகள் குதித்தார்கள். பத்தியம் சொன்னவள் வீட்டில் வெள்ளைக் களி, கேட்டுச் சிரித்தவர் வீட்டில் தவிட்டுக் களி. சிஸ்டர் சொன்ன சமத்துவம் இதுவாக இருக்காது என்று அவளுக்குத் தோன்றியது. இதுவாக இருந்தாலும் இருக்கலாம் என்றும் தோன்றியது.

ஈஸ்டர் முடிந்தது. மருந்தகத்தில், தொண்டர் எக்ஸில்டாவும் பக்கத்தில் நிற்க, சோகோவின் கைவிரலில் ஊசி குத்திப் பார்த்தார்கள். சிஸ்டர் இரண்டாம் முறை குத்தினார், கருவியில் சந்தேகம். இரண்டாவது முறையும் சர்க்கரை இறங்கித்தான் இருந்தது. புண்ணின் ஓரங்கள் காயத் தொடங்கியிருந்தன.

"இப்போதைக்கு இந்தக் கால் வெரல் உங்களோடதுதான்" என்றார் சிஸ்டர். "இப்படியே சாப்பிடணும். பழையபடி ஆரம்பிச்சீங்கன்னா நான் பொறுப்பில்ல. தாள் ரொம்ப உதவிச்சு, இல்ல?"

"எந்தத் தாள்?" என்றார் சோகோ. "இவ என் மாவைத் திருடினா."

முழுக் கதையையும் கேட்ட சிஸ்டர், இந்த முறையை மற்றத் தொண்டர்களுக்கும் சொல்லிக்கொடுக்க முடியுமா என்று எக்ஸில்டாவிடம் கேட்டார்.

"முடியாதுங்க சிஸ்டர். எங்க பக்கத்து வீடு லோசி இனம். அவங்க வீட்ல மூட்டையைத் தூக்கினா போலீஸ்தான் வரும்."

"அப்ப லோசி வீட்டுக்கு என்ன செய்யறது?"

"நீங்கதான் போகணும். தோங்காவுக்குத்தானே லோசி கேலிச் சொந்தம்?"

"நானா? நான் படிச்சுட்டு வந்த நர்ஸும்மா!"

"அதனால என்ன? கோட்டு பெரிசா இருந்தா சீருடை மேலயே மாட்டிக்கலாம்."

சிஸ்டர் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்தி அவளைக் கூர்ந்து பார்த்தார்.

திரும்பும் வழியில் சோகோ கம்பை ஊன்றி முன்னால் போனார். எக்ஸில்டா சற்றுப் பின்னால். சந்தைத் திருப்பத்தில் அவர் நின்றார். ஒரு பக்கம் மாவுக் கடை, இன்னொரு பக்கம் அரவை மில்.

"கலும்பா அம்மா" என்றார். அவர் அவளை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. "ஒண்ணு கேக்கலாங்களா? அன்னைக்கு முற்றத்துல நீங்க செஞ்சது, அது நெசமா, வெளையாட்டா?"

எக்ஸில்டா மனதுக்குள் கணக்குப் போட்டாள். நிஜம் என்றால் அவர் எழுந்து நின்று 'சரி சிஸ்டர்' என்று சொல்லும் சோகோவாகிவிடுவார். சாயங்காலமே வெள்ளைக் களி. விளையாட்டு என்றால் விளையாட்டு முடிந்துவிட்டது, இனி யாருக்கும் எதையும் தின்று காட்டவேண்டியதில்லை. அப்போதும் வெள்ளைக் களி. எந்தப் பதில் சொன்னாலும் விரல் போகும். எந்தப் பதில் உண்மை என்று அவளுக்கே இப்போது நிச்சயமாகத் தெரியவில்லை.

"செத்தவன் எதுக்குக் கேள்வி கேக்குறான்?" என்றாள்.

சோகோ அவளை உற்றுப் பார்த்தார். முகத்தில் பழைய குறும்பு மெதுவாக ஏறி வந்தது. "அப்ப நான் இன்னும் செத்துத்தான் கெடக்கேனா?"

"எலி தின்னிங்களுக்கு அதெல்லாம் லேசுல தெரியாது."

"அடி குரங்கு தின்னி! செத்தவன் மாவு வாங்கணும்னா எங்க போறது, அதையாவது சொல்லு."

"எனக்கென்ன தெரியும்? நான் உசிரோட இருக்கிறவ."

சோகோ மில் இருந்த பக்கமாகக் கம்பை ஊன்றி நடந்தார். வீட்டுக்குப் போகிற வழியும் அதுதான் என்பதால், போவது மில்லுக்கா வீட்டுக்கா என்று எக்ஸில்டாவுக்கு விளங்கவில்லை. பின்னாலேயே போனாள்.